பச்சைக்குழந்தையுடன் மேடை நிகழ்ச்சிக்குப் போகலாமா? ஆயாக் கொட்டகை சொல்லும் பாடம்

ஹுத்தான் மெலிந்தாங் - அம்மா திருவிழா மேடையில் பரதம் ஆடுகிறார். அல்லது அப்பா உறுமி மேளம் அடிக்கிறார். வீட்டில் பிறந்து சில வாரங்களே ஆன குழந்தை. இந்த நிலையில் எந்தக் குடும்பத்திலும் எழும் கேள்வி இது: பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போகலாமா?

“அப்பா அடிப்பதைப் பிள்ளையும் பார்க்கட்டுமே” என்ற ஆசை ஒரு பக்கம். “பச்சை உடம்பைக் கூட்டத்துக்குக் கொண்டு போகாதே” என்ற பாட்டியின் கண்டிப்பு மறுபக்கம். பால் குடிக்கும் குழந்தையை விட்டுவிட்டு மணிக்கணக்கில் மேடையில் நிற்க முடியாத தாயின் சிரமம் இன்னொரு பக்கம். மூன்றிலும் நியாயம் இருக்கிறது.

குழந்தைக்கு என்ன தெரியும்?

பிறந்த குழந்தையால் ஏறத்தாழ 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரம் வரைதான் ஓரளவு தெளிவாகப் பார்க்க முடியும். மடியில் கிடக்கும்போது தாயின் முகம் இருக்கும் தூரம் அது. மேடை அதற்கு வெறும் வெளிச்சமும் அசைவும்தான்.

அலங்காரமும் குழப்பலாம். பிரான்ஸ் ஆய்வாளர்கள் 1995இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், நான்கு நாள் குழந்தைகள் தாயின் முகத்தை அடையாளம் கண்டன. ஆனால் தாயும் வேறொரு பெண்ணும் தலையில் துணி கட்டி முடியை மறைத்தபோது, அந்த வேறுபாடு அவற்றுக்குத் தெரியவில்லை. தலைச்சாமானும் சவுரியும் கட்டிய அம்மாவைப் பார்த்துப் பிள்ளை மிரண்டால் வியப்பில்லை.

குரல் விஷயம் வேறு. அமெரிக்க ஆய்வாளர்கள் டிகாஸ்பரும் ஃபைஃபரும் 1980இல் வெளியிட்ட ஆய்வில், பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகள் தாயின் குரலைக் கேட்பதற்காகவே சூப்பியைச் சப்பும் முறையை மாற்றிக்கொண்டன. வயிற்றில் இருக்கும்போதே கேட்டுப் பழகிய குரல் அது. பாடும் தாயின் பாட்டை அறிய பிள்ளை மேடைக்கு வர வேண்டியதில்லை, தொட்டிலிலேயே கேட்கலாம்.

காதும் கூட்டமும்

மேடையில் முதல் ஆபத்து ஒலிபெருக்கி. தீவிரச் சிகிச்சைப் பிரிவில் இருக்கும் பச்சைக்குழந்தைகளைச் சுற்றி 45 டெசிபலுக்கு மேல் சத்தம் வேண்டாம் என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம். மேடை ஒலிபெருக்கிக்கு அருகே 100 டெசிபலை எட்டுவது சாதாரணம். அந்தச் சத்தத்தில் பெரியவர்களே 15 நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது தொழில் பாதுகாப்புக் கணக்கு. குழந்தையின் காதுக்குழாய் சிறியது என்பதால் உள்ளே அழுத்தம் இன்னும் கூடும்.

கருவி இல்லாமலே அளந்து பார்க்கலாம். கை எட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், அது குழந்தைக்கு ஏற்ற இடமல்ல. திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். மண்டபத்துக்குள் அவ்வளவு குறையாது. காதில் பஞ்சு வைப்பதால் பெரிய பயனில்லை. தலையைச் சுற்றிப் போடும் குழந்தைக் காதுக்கவசம் ஓரளவு உதவும். ஆனாலும் கவசம் போட்டாயிற்று என்று ஒலிபெருக்கி அருகே உட்காரக் கூடாது.

இரண்டாவது ஆபத்து கூட்டம். நம் நாட்டுத் தடுப்பூசி அட்டவணைப்படி, கக்குவான் இருமலுக்கான முதல் ஊசி இரண்டாம் மாதத்தில். தட்டம்மைக்கான முதல் ஊசி ஒன்பதாம் மாதத்தில். அதற்கு முன் கூட்டத்தில் இருமும் ஒருவரே போதும். மூன்று மாதம் ஆகாத குழந்தைக்கு 38 டிகிரி காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். முப்பது நாள் வெளியே வேண்டாம் என்ற பாட்டியின் பேச்சு தீட்டை வைத்து வந்திருக்கலாம். ஆனால் முதல் மாதம் பிள்ளையைக் கூட்டத்திலிருந்து காத்தது அந்தப் பேச்சுதான்.

மேடையும் ஒரு வேலைதான்

ஆனால் எல்லாத் தாய்மாருக்கும் வீட்டில் இருக்க வசதி உண்டா? 2023 ஜனவரி 1 முதல் தனியார் துறையில் பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. தகுதியுள்ள தந்தைக்கு 7 நாள். இவை முதலாளியிடம் வேலை செய்பவருக்கு. ஒரு நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்று பேசி மேடை ஏறும் கலைஞருக்கு முதலாளி இல்லை, விடுப்பும் இல்லை. சுயதொழில் செய்வோருக்கான சொக்சோ திட்டம் வேலை விபத்துக்கு உதவும். அது பிரசவக்காலச் சம்பளம் தருவதில்லை.

நியூசிலாந்துப் பிரதமராக இருந்த ஜசிண்டா ஆர்டெர்ன், 2018 செப்டம்பரில் மூன்று மாதக் குழந்தையுடன் ஐக்கிய நாடுகள் சபைக்குப் போனார். அவர் பேசியபோது குழந்தை தந்தையின் மடியில் இருந்தது. உலகம் பாராட்டிய அந்தக் காட்சியில் கவனிக்க வேண்டியது, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேறு வேலை இல்லாத ஒருவர் கூடவே இருந்தார் என்பதுதான்.

தோட்டத்து மக்களுக்கு இது புதிதல்ல. பால்மரம் வெட்டிய காலத்தில், விடியும் முன்னே பிரட்டுக்குப் போன தாய் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுப் போனார். அங்கே துணித் தொட்டில் இருந்தது. ஆட்டிவிட ஆயா இருந்தார். ஆயாக் கொட்டகைகளில் குறைகள் இருந்தன. ஆனாலும் தாய் வேலை செய்யும்போது பிள்ளைக்கு அருகில் ஓர் இடமும் ஓர் ஆளும் வேண்டும் என்பதைத் தோட்டம் ஒத்துக்கொண்டது. கோயில் மேடையோ மண்டப மேடையோ இன்னும் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

ஏற்பாட்டாளர்கள் செய்யக்கூடியவை

பெரிய செலவு தேவையில்லை. ஒலிபெருக்கி, புகை இயந்திரம், வாணவேடிக்கை, சாம்பிராணிப் புகை இவற்றிலிருந்து தள்ளி, கதவு சாத்தக்கூடிய ஓர் அறை போதும். பள்ளி மண்டபமானால் கடைசி வகுப்பறை. கோயிலானால் சற்றுத் தள்ளியிருக்கும் அலுவலகம். ஒரு மின்விசிறி, கொசுவலை, கை கழுவத் தண்ணீர் வேண்டும்.

பிறந்த குழந்தை நாளைக்கு 8 முதல் 12 முறை பால் குடிக்கும். ஆகவே பாலூட்டும் தாயின் அங்கத்தை அவர் சொல்லும் நேரத்தில் வைத்து, தாமதமின்றி முடித்துவிட வேண்டும். உடை கட்டும் முன் ஒருமுறை பாலூட்டலாம். எடுத்து வைத்த பால் 25 டிகிரியில் நான்கு மணி நேரம் வரைதான் தாங்கும். நம் வெயிலுக்கு ஐஸ் பெட்டி வேண்டும். ஆடி முடித்ததும் முகப்பூச்சை, குறிப்பாக மினுமினுப்புத் தூளை, கழுவிவிட்டுப் பிள்ளையைத் தூக்குவது நல்லது.

வீட்டார் செய்ய வேண்டியது ஒன்று: பிள்ளையை வைத்திருப்பவர் யார் என்பதை முன்பே முடிவு செய்வது. அவர் நிகழ்ச்சியைப் படம் பிடிப்பவராகவோ விருந்தினரை வரவேற்பவராகவோ இருக்கக் கூடாது. பார்த்துக்கொள்ள ஆளும் ஒதுங்க இடமும் இல்லாத மேடைக்கு, முதல் சில மாதங்கள் பிள்ளையைக் கொண்டு போகாதிருப்பதே நல்லது.

மேடையில் அம்மா ஆடுவதையும் அப்பா மேளம் அடிப்பதையும் பிள்ளை கண்ணாரப் பார்க்கும் நாள் வரும். அதுவரை இரைச்சல் எட்டாத தூரத்தில் ஒரு தொட்டில் கட்ட இடம் தருவது விழா எடுப்பவர்களின் பொறுப்பு.