கேட்டால் கொண்டுவந்து தரும் ஏற்பாடு

கூகுள் நிறுவனத்துக்குள் ‘கூகுள் ஃபீட்பேக்’ என்றொரு திட்டம் நடந்துகொண்டிருந்தது. மூன்று பேர் ஆறு மாதம் எழுதியதில் நிரல் 17,000 வரிக்கு வளர்ந்து, மாற்றவும் சோதிக்கவும் பெரும்பாடாகிவிட்டது. அந்தக் குழுவில் இருந்த மிஷ்கோ ஹெவரி, தாம் ஓய்வு நேரத்தில் உருவாக்கிவந்த ஒரு ஃபிரேம்வொர்க்கைக் கொண்டு முழுவதையும் இரண்டே வாரத்தில் திரும்ப எழுதிக் காட்டுவதாகப் பந்தயம் கட்டினார். மூன்று வாரம் ஆயிற்று. பந்தயத்தில் தோற்றார். ஆனால் நிரல் 1,500 வரியாகச் சுருங்கியிருந்தது. வலைத்தளங்கள் எழுதுவதற்கான அந்த ஃபிரேம்வொர்க்தான் ஆங்குலர் ஜேஎஸ். அதன் 1.0 பதிப்பு 2012 ஜூனில் வந்தது.

ஆங்குலர் என்றதும் பலரும் சொல்வது, தரவு மாறினால் திரையும் தானே மாறும் என்ற வசதியைத்தான். அதைவிட ஆழமான யோசனை ‘சர்வீஸ்’ என்ற ஏற்பாட்டில் இருக்கிறது என்பது என் கருத்து.

ஆங்குலர் ஜேஎஸ்ஸில் ஒரு வலைப்பக்கத்தின் ஒவ்வொரு பகுதியையும் ஒரு கன்ட்ரோலர் இயக்குகிறது. சர்வரிடம் தரவு கேட்பது, சில நொடி பொறுத்து ஒன்றைச் செய்வது, முகவரியைப் படிப்பது எனப் பல வேலைகள் எல்லாக் கன்ட்ரோலருக்கும் பொது. அவற்றைத் தனியே பிரித்து ஓரிடத்தில் வைத்தால் அது சர்வீஸ். அடிக்கடி தேவைப்படும் எச்டிடிபி, டைம்அவுட், லொகேஷன், லாக் போன்றவற்றை ஆங்குலர் ஜேஎஸ் தானே தருகிறது. அவற்றின் பெயர்கள் டாலர் குறியில் தொடங்கும். அந்தக் குறி ஃபிரேம்வொர்க்குக்கு உரியது. நாம் எழுதும் சர்வீஸுக்கு அதை வைக்கக் கூடாது.

சில நொடி பொறுத்து ஒன்றைச் செய்யும் டைம்அவுட் வேலைக்கு பிரவுசரிலேயே ஒரு வழி இருக்கிறதே, ஆங்குலர் ஏன் இன்னொன்று தர வேண்டும்? பிரவுசரின் கடிகாரம் மணி அடிக்கும்போது அது ஆங்குலருக்குத் தெரியாது. தரவு மாறிவிடும், திரை பழையபடியே நிற்கும். ஆங்குலரின் டைம்அவுட்டோ வேலை முடிந்ததும் எதெது மாறியது என்று சரிபார்க்கச் சொல்லித் திரையையும் புதுப்பிக்க வைக்கும்.

இந்த சர்வீஸ்கள் கன்ட்ரோலர் கைக்கு வரும் விதம்தான் விஷயத்தின் உயிர். கல்யாணச் சமையலுக்கு வரும் மாஸ்டர் சாமான் பட்டியலைக் கொடுத்துவிடுவார். எந்தக் கடையில் வாங்கினார்கள் என்பது அவர் கவலை இல்லை. கன்ட்ரோலரும் அப்படியே. தனக்கு வேண்டியவற்றின் பெயர்களைத் தன் ஃபங்ஷனின் அடைப்புக்குறிக்குள் எழுதிவைக்கிறது. இன்ஜெக்டர் என்ற பகுதி அவற்றைத் தேடிக் கொண்டுவந்து தருகிறது. மார்ட்டின் ஃபவுலர் 2004-ல் எழுதிய கட்டுரையின் வழியே பரவலாக அறியப்பட்ட ‘டிபெண்டன்சி இன்ஜெக்‌ஷன்’ என்ற முறை இது.

இந்த நிரல்கள் எழுதப்படும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் ஒரு ஃபங்ஷனை அப்படியே எழுத்தாக மாற்றிப் படிக்க முடியும். இன்ஜெக்டர் அவ்வாறு படித்தே பெயர்களைத் தெரிந்துகொள்கிறது. அழகான உத்திதான், ஆனால் ஒரு பள்ளம் உண்டு. தளத்தை வெளியிடும்முன் நிரலைச் சுருக்கும் கருவிகள் நீளமான பெயர்களை ஓரெழுத்தாக மாற்றிவிடும். இன்ஜெக்டர் அந்த ஓரெழுத்துப் பெயரில் சர்வீஸைத் தேடும். கிடைக்காமல் பிழை காட்டி நிற்கும். அதனால் பெயர்களை மேற்கோள் குறிக்குள்ளும் ஒருமுறை எழுதிவைப்பார்கள். சுருக்கும் கருவி அதைத் தொடாது.

சொந்த சர்வீஸ் எப்போது எழுத வேண்டும்? ஒரு புத்தகக் கடையின் தளத்தை எடுத்துக்கொள்வோம். பக்கத்தின் மேலே கூடையில் எத்தனை புத்தகம் என்று ஓர் எண், கீழே மொத்தத் தொகை, அடுத்த திரையில் பணம் கட்டும் இடம். மூன்றும் தனித்தனியே கணக்கு வைத்தால் என்றாவது ஒருநாள் எண்கள் முரண்படும். கூடைக்கென ஒரு சர்வீஸ் எழுதினால் கணக்கு ஓரிடத்தில் இருக்கும். முதன்முதலாக ஒருவர் கேட்கும்போதுதான் இன்ஜெக்டர் அதை உருவாக்கும். பிறகு யார் கேட்டாலும் அதே ஒன்றைத் தரும். ஆனால் இந்தக் கணக்கு நினைவகத்தில் மட்டும் இருப்பது. பக்கத்தை ரீலோட் செய்தால் கூடை காலி. நிலைத்திருக்க வேண்டியதை பிரவுசரின் சேமிப்பிலோ சர்வரிலோ வைக்க வேண்டும்.

ஹெவரி கூகுளில், எளிதாகச் சோதிக்கக்கூடிய நிரலை எழுதுவது எப்படி என்று மற்ற பொறியாளர்களுக்குக் கற்றுத்தந்தவர். சர்வீஸ் ஏற்பாட்டின் முழுப் பலனும் சோதனையில்தான் தெரியும். கன்ட்ரோலர் கேட்டதை வெளியிலிருந்து தருவதால், உண்மையான சர்வருக்குப் பதில் ஒரு போலியைக் கொடுத்து ‘பணம் கட்டும்போது சர்வர் பிழை சொன்னால் திரை என்ன காட்டும்?’ என்று பார்த்துவிடலாம். பத்து நொடி காத்திருப்பைக்கூட ஒரு கட்டளையில் கடந்துவிடலாம். பணம் கையாளும் ஒரு தளத்தை இப்படிச் சோதிக்காமல் மக்கள் கையில் கொடுப்பது பொறுப்பற்ற செயல்.

2016 செப்டம்பரில் ஆங்குலர் டைப்ஸ்கிரிப்ட் மொழியில் முற்றிலும் புதிதாக எழுதப்பட்டு வந்தது. கன்ட்ரோலர் போயிற்று, சர்வீஸும் இன்ஜெக்டரும் நிலைத்தன. பெயர் எழுத்தைப் படித்துத் தேடும் பழைய பள்ளமும் அடைபட்டது. ஆங்குலர் ஜேஎஸ்ஸுக்கான ஆதரவை கூகுள் 2021 டிசம்பர் 31-உடன் நிறுத்திக்கொண்டது. ஆகவே இன்று கற்கத் தொடங்கும் மாணவர்களே, புதிய ஆங்குலரிலேயே தொடங்குங்கள். முதல் சர்வீஸை எழுதிய அன்றே அதற்கொரு சோதனையையும் எழுதிவிடுங்கள்.