மாடு தின்னும் சுவரொட்டி

திருவல்லிக்கேணித் தெருக்களில் மாடு சுவரொட்டியைக் கிழித்துத் தின்பதைப் பார்த்து யாரும் வியப்பதில்லை. அது ஒரே வாயில் இரண்டு பண்டங்களைத் தின்கிறது: முன்னால் காகிதம், பின்னால் மைதாப் பசை. இரண்டுமே பெரும்பாலும் குளுக்கோஸ் என்ற ஒரே சர்க்கரையால் ஆனவை. ஆனால் மைதா நமக்குச் செரிக்கும், காகிதம் செரிக்காது.

வேறுபாடு சர்க்கரையில் இல்லை, அதைக் கோத்த விதத்தில் இருக்கிறது.

இரண்டிலும் ஒரு குளுக்கோஸின் முதல் கார்பன், அடுத்ததன் நான்காம் கார்பனோடு ஓர் ஆக்சிஜன் அணு வழியாக இணைகிறது. மைதாவின் மாவுச்சத்தில் இது ஆல்ஃபா பிணைப்பு. சங்கிலி சுருண்டுகொள்ளும், நம் எச்சிலில் உள்ள நொதியே அதை வெட்டத் தொடங்கிவிடும். காகிதத்தின் செல்லுலோஸில் இருப்பது பீட்டா பிணைப்பு. ஒவ்வொரு குளுக்கோஸும் முந்தையதற்குத் தலைகீழாகத் திரும்பி நிற்பதால் சங்கிலி நீட்டி நிமிர்ந்துவிடும். நேரான சங்கிலிகள் பக்கம் பக்கமாக அடுக்கி, ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒட்டிக்கொண்டால் அதுதான் நார். பிரான்ஸின் ஆன்செல்ம் பாயென் 1838இல் செல்லுலோஸைத் தாவரங்களிலிருந்து பிரித்தெடுத்தார்.

நாரில் வேறு சர்க்கரைகளும் உண்டு. சாறு பிழிந்த கரும்புச் சக்கையில் சுமார் 40 சதவீதம் செல்லுலோஸ். கால் பங்கு ஹெமிசெல்லுலோஸ். இந்த இரண்டாவதில் சைலோஸ் என்ற ஐந்து கார்பன் சர்க்கரை வரிசையாக நிற்க, அதிலிருந்து அராபினோஸ் கிளைக்கிறது. கிளை இருப்பதால் இது செல்லுலோஸ் போல இறுக அடுக்காது, அதன்மேல் படிந்துகொள்ளும். அராபினோஸில் தொங்கும் ஃபெரூலிக் அமிலம் மறுபுறம் லிக்னின் என்ற பொருளைப் பிடித்துக்கொள்கிறது. கொத்தனார் மொழியில் சொன்னால் செல்லுலோஸ் கம்பி, ஹெமிசெல்லுலோஸ் கட்டுக்கம்பி, லிக்னின் சிமென்ட். லிக்னின் மட்டும் சர்க்கரை அல்ல.

இந்தக் கட்டை அவிழ்ப்பதுதான் காகிதத் தொழில். 1979இல் தமிழக அரசு நிறுவிய, கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் உள்ள டிஎன்பிஎல் ஆலைக்கு முக்கிய மூலப்பொருள் கரும்புச் சக்கை. சக்கையைக் காரத்தில் வேகவைத்தால் லிக்னின் கரைந்து நார் தனியாகும். லிக்னினை முழுக்க நீக்காத தாள்தான் திருவல்லிக்கேணி பாரதி சாலைப் பழைய புத்தகக் கடைகளில் பழுப்பேறிக் கிடப்பது.

பீட்டா பிணைப்பை வெட்டும் நொதி நம்மைப் போலவே மாட்டிடமும் கிடையாது. அதன் முதல் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிரிகள்தான் வெட்டுகின்றன. அவை வெளிவிடும் அமிலங்களை மாடு உணவாக உறிஞ்சிக்கொள்கிறது. வைக்கோல் பாலாவது இப்படித்தான்.

பாலித்தீனை அந்த நுண்ணுயிரிகளால் வெட்ட முடியாது. அது வயிற்றிலேயே தங்கிவிடும். காய்கறித் தோலை மாட்டுக்கு வைப்பவர்கள் பையில் முடிந்து எறியாமல், பிரித்துக் கொட்டுங்கள்.