எண்ணைப் பார்த்து ஏன் பயப்பட வேண்டும்?

டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகவே பேசுவோம்.

சுகருக்கான ரத்தப் பரிசோதனைக்கு மூன்று நாள் முன்பிருந்து சோற்றைக் குறைப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். வெறும் வயிற்று எண் கொஞ்சம் இறங்கியும்விடும். ஆனால் எச்பிஏ1சி என்ற பரிசோதனை ஏமாறாது. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அத்தனை நாளும் ரத்தத்தில் ஓடிய சர்க்கரை அதிலுள்ள ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொண்டே வரும். இரண்டு மூன்று மாதக் கணக்கும் அதில் தெரிந்துவிடும். பிறகு எதற்கு இந்த மூன்று நாள் பத்தியம்? டாக்டர் திட்டக் கூடாதே என்பதற்குத்தான். இனிப்பு ஆசையைவிட இந்தப் பயமும் வெட்கமும் அதிகம் கெடுக்கின்றன என்பேன். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐசிஎம்ஆர்) ஆய்வின்படி நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சுகர் இருக்கிறது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

மாத்திரை, பத்தியம், ஊசி, காலில் புண் வந்துவிடுமோ என்ற கவலை என்று நாள்தோறும் சுமப்பதில் ஒரு அலுப்பு வரும். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் பொலான்ஸ்கியும் சகாக்களும் அதை அளக்க 1995-இல் 20 கேள்விகள் கொண்ட பட்டியலையே வெளியிட்டார்கள். இந்த அலுப்பு முற்றினால் மாத்திரை தவறும், பரிசோதனை தள்ளிப்போகும். 'கவலைப்பட்டால் சுகர் ஏறும்' என்று வீட்டில் சொல்வதும் சரிதான். பதற்றத்தில் சுரக்கும் அட்ரினலினும் கார்ட்டிசாலும் கல்லீரலிலிருந்து சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிவிடும்.

அப்படியென்றால் என்ன மாதிரி மனசு வேண்டும்? மீட்டரில் 210 காட்டுகிறது. 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்று நினைப்பவர் மீட்டரை அலமாரியில் வைத்துவிடுவார். 'நேற்றுப் பந்தியில் ரெண்டு ஜாங்கிரி, ராத்திரி மாத்திரையும் மறந்தாச்சு' என்று பார்ப்பவருக்கு இன்று என்ன செய்வதென்று தெரியும்.

'நாளையிலிருந்து அரிசியே கிடையாது' என்ற சபதத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. 'என்னால் முடியும்' என்ற தைரியம், செய்து முடித்த காரியத்திலிருந்துதான் பெரும்பாலும் வரும் என்றார் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு தெருவில் பத்து நிமிஷம் நடந்து பாருங்கள். அது பழகியபின் அடுத்ததைத் தொடலாம்.

'எனக்குச் சுகர், வேண்டாம்' என்று பந்தியில் சாதாரணக் குரலில் சொல்வதும் பெரிய பலம். இன்சுலின் ஊசி தேவைப்படும் டைப் 1 சுகர் வந்த பெண்பிள்ளைகளுக்கு அது எளிதாக வாய்ப்பதில்லை. கல்யாணப் பேச்சு கெட்டுவிடும் என்று பாத்ரூமுக்குள் போய் இன்சுலின் போடவைக்கும் வீடுகள் உண்டு. அந்தப் பிள்ளைக்கு மன உறுதி பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம், மறைக்காமல் வாழ விட்டால் போதும்.

எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் மனம் சோர்ந்தே கிடந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சை இருக்கிறது. வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எண் ஏறிய நாளில் 'என்னத்தைத் தின்னீங்க?' என்று விசாரிக்காதீர்கள். செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே நடக்கப் போங்கள்.