சுவரில் ஒரு திருவிழா நாட்காட்டி

ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு வேலை தேடி வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் உள்ளூர்ப் பிள்ளைகளும் என் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்து படிக்கின்றனர். இவர்களிடம் சமயங்களைப் பற்றி எப்படிப் பேசுவது?

அரசியலமைப்புச் சட்டப்பிரிவு 28(1)இன்படி, முழுவதும் அரசு நிதியில் நடக்கும் பள்ளிகளில் சமயப் போதனை கூடாது. ஆனால் சமயங்களைப் பற்றி அறிந்துகொள்வது போதனை ஆகாது. அதற்கு நான் பயன்படுத்துவது வெற்று நாட்காட்டி ஒன்று.

மாணவர்கள் குழுவாக அமர்ந்து தமக்குத் தெரிந்த விழாக்களை அதில் குறிப்பார்கள். விதிகள் இரண்டு: பேச்சை “எங்கள் வீட்டில்” என்று தொடங்க வேண்டும், விருப்பமில்லாதவர் பேச வேண்டியதில்லை.

பிறகு ஒரே கேள்வி: தேதிகள் ஏன் மாறுகின்றன? சந்திர ஆண்டுக்குச் சுமார் 354 நாள். அதனால் ரம்ஜான் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னே வருகிறது. ஈஸ்டரின் தேதியைப் பௌர்ணமியும் ஞாயிறும் தீர்மானிக்கின்றன. ஸ்ரீபெரும்புதூரில் ராமானுஜர் அவதார விழா சித்திரைத் திருவாதிரையில் வருகிறது. ஏப்ரல் நடுவில் தமிழ்ப் புத்தாண்டும் ஒடியாப் புத்தாண்டும் ஒன்றாக வரக் காரணம், இரண்டும் சூரியன் மேஷ ராசியில் நுழைவதைக் கணக்கிடுவதே.

மாதக்கணக்கில் வாய் திறக்காத ஒடியா மாணவி அன்று எழுந்து, “எங்கள் வீட்டில் அன்று வில்வப் பழத்தில் ‘பணா’ செய்வோம்” என்றாள். “எங்கள் பானகம் மாதிரியா?” என்றாள் பக்கத்துப் பெண்.

அதன்பின் இருவரும் ஒரே பெஞ்சில் அமர்கிறார்கள். உங்கள் வகுப்பிலும் செய்து பாருங்கள். ஒரு சார்ட் தாள் போதும்.