பக்கம் ஒன்று, தோற்றம் 200!

அந்த இணையதளத்தை ஒரு முறை பார்த்தால் ஒரு தோற்றம். வேறு வடிவத்தைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தால் வேறு தோற்றம்! நிறம் வேறு, படம் வேறு, எழுத்தின் வடிவமும் வேறு. ஆனால், படித்துப் பார்த்தால் வாசகம் ஒன்றேதான்.

இதன் பெயர் "சி.எஸ்.எஸ். ஜென் கார்டன்". கனடா நாட்டைச் சேர்ந்த டேவ் ஷியா என்பவர் 2003-ம் ஆண்டில் இதைத் தொடங்கினார்.

வாசகத்தில் யாரும் கை வைக்கக்கூடாது. அலங்காரத்தை மட்டும் மாற்றலாம். இதுதான் நிபந்தனை. பல நாட்டுக் கலைஞர்கள் போட்டி போட்டுக்கொண்டு அலங்கரித்தார்கள். 200-க்கும் மேற்பட்ட தோற்றங்கள் அதில் இடம் பெற்றன.

இது எப்படி முடிந்தது?

இரண்டு பைல்கள்

இணையதளம் என்பது கம்ப்யூட்டருக்கு எழுதி வைக்கும் கட்டளைகள். அவற்றைச் சேமித்து வைக்கும் ஏடுதான் "பைல்". ஷியாவின் பக்கத்தில் வாசகம் ஒரு பைலில் இருந்தது. அலங்காரம் வேறு பைலில் இருந்தது. அலங்கார பைலை மாற்றினால் தோற்றம் மாறும், வாசகம் அசையாது.

தொடக்க காலத்தில் இந்த வசதி இல்லை. நிறத்தையும் வாசகத்தோடு கலந்தே எழுதினார்கள். 100 பக்கங்கள் இருந்தால், 100 பக்கங்களையும் திருத்த வேண்டும்!

1994-ல் ஹோகோன் வியூம் லீ என்ற நார்வே நாட்டுக்காரர், அலங்காரத்தைத் தனியே எழுதும் முறையைச் சொன்னார். அதுதான் "சி.எஸ்.எஸ்.". 1996 டிசம்பரில் அது முறையான விதியாக வெளிவந்தது.

பில்லில் வரும் தவறு

அலங்காரத்துக்கு மட்டுமல்ல, கணக்குக்கும் இதே வழிதான்.

ஒரு கடையின் இணையதளத்தில் வரிக் கணக்கு ஐந்து இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வரி மாறுகிறது. நான்கு இடங்களைத் திருத்தியவர் ஐந்தாவதை மறந்துவிடுகிறார். என்ன ஆகும்? பில் தப்பாக வரும். பணம் கட்டுகிறவருக்கு நஷ்டம். கடைக்குக் கெட்ட பெயர். வரிக் கணக்கு தனி பைலில் இருந்தால், ஒரு திருத்தம் போதும். மற்ற பக்கங்கள் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும்.

எப்படிப் பிரிப்பது?

கண்டபடி பிரித்தாலும் குழப்பம்தான். இதற்கு டேவிட் பார்னாஸ் என்ற விஞ்ஞானி 1972-லேயே வழி காட்டினார். வேலை நடக்கும் வரிசையைப் பார்த்துப் பிரிக்கக்கூடாது. நாளைக்கு மாறக்கூடியது எது என்று பார்க்க வேண்டும். அதைத் தனிப் பகுதிக்குள் அடக்கிவிட வேண்டும் என்றார்.

வீட்டில் இருக்கும் அஞ்சறைப் பெட்டியும் இப்படித்தான். சீரகம் தீர்ந்தால், அந்த அறையை மட்டும் நிரப்புகிறார்கள். பக்கத்து அறையில் உள்ள கடுகை யாரும் தொடுவதில்லை.