தட்டிப் பார்த்து வாங்கும் ஊர்

எழுத்தாளர் இமையம் வசிக்கும் ஊர் கடலூர் மாவட்டத்து விருத்தாசலம். 1994-இல் ‘கோவேறு கழுதைகள்’ நாவலோடு வந்தவர். 2020-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதை ‘செல்லாத பணம்’ நாவலுக்காகப் பெற்றவர். பக்கத்திலேயே மணக்கொல்லையில் கண்மணி குணசேகரன். போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்துக்கொண்டே ‘அஞ்சலை’ நாவலை எழுதியவர், சுற்றுவட்டார மக்களின் பேச்சைத் திரட்டி ‘நடுநாட்டுச் சொல்லகராதி’ தந்தவர். முந்திரிக்காடும் செம்மண்ணுமான இந்தச் சீமை தமிழுக்கு எழுத்தாளர்களை வஞ்சனையில்லாமல் கொடுத்திருக்கிறது. அவர்களுடைய புத்தகங்களை வாங்க இங்குள்ள ஒரு கல்லூரி மாணவி எங்கே போவாள்?

பெரும்பாலும் கைப்பேசிக்குள்தான் போவாள். நம் சிறு நகரங்களில் புத்தகக் கடை என்றாலே நோட்டு, கைடு, போட்டித் தேர்வு வினா வங்கி என்றாகிவிட்டது. அந்தக் கடைகளை நான் குறைசொல்ல மாட்டேன். எத்தனையோ வீடுகளின் முதல் பட்டதாரியை உருவாக்கியதில் அவற்றுக்கும் பங்குண்டு. ஆனால் நாவலும் கவிதையும் வரலாறும் கண்ணில் படும்படி அடுக்கிய அலமாரி எத்தனை ஊர்களில் இருக்கிறது?

இணைய விற்பனையையும் நான் பழிக்கப்போவதில்லை. சென்னைக்குப் பஸ் ஏறினால்தான் கிடைக்கும் என்றிருந்த புத்தகத்தை அது வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. உடுமலை டாட் காம் போன்ற தளங்கள் கடல் கடந்த தமிழர்களுக்கும் புத்தகம் அனுப்புகின்றன. ஆனால் இணையத்தில் தேட, தேடும் புத்தகத்தின் பெயர் முதலில் தெரிந்திருக்க வேண்டும். பெயரே கேள்விப்படாத புத்தகம் ஒன்று கைக்கு வந்து, நின்ற இடத்திலேயே பத்துப் பக்கம் படிக்க வைக்கிறதே, அது கடையில்தான் நடக்கும்.

பீங்கான் தொழிலில் ஊறிய விருத்தாசலத்துக்காரர்களுக்குக் கையில் எடுத்துப் பார்ப்பதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. பீங்கான் சாமானைச் சுண்டிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். கணீரென்றால் நன்றாக வெந்தது. சத்தம் மந்தமாக இருந்தால் எங்கோ விரிசல். புத்தகத்தையும் அப்படித்தான் நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்துப் பார்த்து வாங்க வேண்டும்.

இணையத்தில் புத்தகம் விற்றே வளர்ந்த அமேசான் 2015-இல் சியாட்டில் நகரில் நேரடிப் புத்தகக் கடை திறந்தது. வாடிக்கையாளர்கள் போட்ட நட்சத்திரங்களையும் விற்பனைக் கணக்கையும் வைத்து எந்தப் புத்தகத்தை அடுக்குவது என்று முடிவு செய்தார்கள். அந்தக் கடைகளையெல்லாம் மூடிவிடுவதாக 2022-இல் அறிவித்தார்கள். அதே காலத்தில், தள்ளாடிக்கொண்டிருந்த பார்ன்ஸ் அண்ட் நோபிள் என்ற அமெரிக்கப் புத்தகக் கடை நிறுவனத்தை 2019 முதல் நடத்திவரும் ஜேம்ஸ் டான்ட், எதை அடுக்குவது என்ற பொறுப்பை அந்தந்தக் கடை ஊழியர்களிடமே விட்டார். இன்று அந்த நிறுவனம் புதுக் கடைகள் திறந்துகொண்டிருக்கிறது. புத்தகக் கடைக்கு உயிர் கொடுப்பது அங்கே நிற்கும் ஆள்தான். “போன மாசம் இதைப் படிச்சீங்களே, இப்ப இதை எடுத்துட்டுப் போங்க” என்று சொல்லத் தெரிந்த ஆள்.

புத்தகத்தை நேரில் புரட்டிப் பார்த்து வாங்கும் அனுபவம் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. 1998 முதல் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி நிறுவனமான என்எல்சி நடத்திவரும் புத்தகக் கண்காட்சி கடலூர் மாவட்டத்தில் எத்தனையோ பேரை வாசகர்களாக்கியது. பெரும்பாலும் ஜூலையில் நடக்கும். விருத்தாசலத்திலிருந்தும் சுற்றுப்பட்ட கிராமங்களிலிருந்தும் குடும்பத்தோடு பஸ் ஏறிப் போவார்கள். பிள்ளைகள் உண்டியலை உடைத்து எடுத்த சில்லறையோடு வருவார்கள். பீங்கான் தொழிலுக்குக் களிமண் தந்த நெய்வேலிதான் இந்த ஊருக்குப் புத்தகமும் தந்தது. 2022 முதல் மாவட்டந்தோறும் அரசே புத்தகத் திருவிழா நடத்துகிறது. மனமாரப் பாராட்ட வேண்டிய காரியம். ஆனால் திருவிழா பத்து நாளில் முடிந்துவிடும். மீதி நாட்களில் புத்தகத்தைத் தொட்டுப் பார்க்க ஓர் இடம் வேண்டாமா?

கடை நடத்துவது எளிதல்ல என்பதும் தெரியும். பதிப்பாளர் தரும் கழிவில்தான் வாடகை, கரண்டு பில், ஆள் சம்பளம் எல்லாம். இணையத்தில் அந்தக் கழிவில் ஒரு பகுதியை வாசகருக்கே தள்ளுபடியாகக் கொடுத்துவிடுகிறார்கள். கடையில் அரைமணி நேரம் புரட்டிவிட்டு, அட்டையைப் படம் எடுத்துக்கொண்டு, வீட்டுக்குப் போய் இணையத்தில் ஆர்டர் போடுகிறவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. ஒரு காலத்தில் முதல் பதிப்பென்றால் 1200 பிரதி அச்சடிப்பார்கள். இன்று சில நூறோடு நின்றுவிடுகிற புத்தகங்களே அதிகம். கண்ணில் படாத புத்தகம் எப்படி விற்கும்?

புத்தகம் கண்ணில் பட ஓர் இடம் இந்த ஊரிலேயே இருக்கிறது. விருத்தாசலம் ஜங்ஷனில் விழுப்புரம், திருச்சி, சேலம், கடலூர் என நாலு பக்கமும் ரயில் பிரிகிறது. வண்டி மாறக் காத்திருப்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். 1844-இல் சென்னையில் தொடங்கிய ஹிக்கின்பாதம்ஸ், தென்னிந்திய ரயில் நிலையங்களில் கடை போட்டுப் பயணிகளைப் படிக்க வைத்த வரலாறு நமக்கு உண்டு. ‘ஒரு நிலையம், ஒரு பொருள்’ என்று உள்ளூர்ப் பொருள்களை விற்க 2022 முதல் ரயில்வே இடம் தருகிறது. இந்த ஊர்ப் பீங்கான் பொம்மையும் அகல்விளக்கும் வைக்கக்கூடிய மேசையில் இமையத்துக்கும் கண்மணி குணசேகரனுக்கும் இரண்டு தட்டு ஒதுக்கக் கூடாதா? ஊர் வணிகர்களும் வாசகர்களும் சேர்ந்து ரயில்வேயிடம் கேளுங்கள். அதுவரை, எந்த ஊரில் புத்தகக் கடையைப் பார்த்தாலும் உள்ளே போங்கள். ஒரு புத்தகமாவது அங்கேயே, அட்டையில் போட்டிருக்கும் விலைக்கே வாங்குங்கள்.