நின்ற வண்டியின் சக்கரங்கள்

வீட்டைப் பூட்டுகிறோம், பீரோவைப் பூட்டுகிறோம், வண்டியின் கதவுகளையும் பூட்டிச் சாவியைச் சுவர் ஆணியில் மாட்டிவிட்டு உறங்கச் செல்கிறோம். ஆயின், அவ்வண்டியைத் தாங்கி நிற்கும் நான்கு சக்கரங்களும், ஐந்தாவதாகிய ஸ்டெப்னியும் இரவு முழுவதும் தெருவிலே பூட்டின்றிக் கிடக்கின்றன என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கின்றோம்?

சக்கரத்தின் அருமையை அம்பத்தூர் வட்டாரத்தாருக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1951-இல் இங்கே டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கிற்று. 1959-இல் டன்லப் டயர்த் தொழிற்சாலை எழுந்தது. அது இப்போது இயங்கவில்லை. பக்கத்திலுள்ள பாடியிலே 1960-இல் தோன்றிய வீல்ஸ் இந்தியா நிறுவனம் சக்கரங்களையே தன் தொழிலாகக் கொண்டது. ஆவடியில் 1961-இல் நிறுவப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலையின் பீரங்கி வண்டிக்கு மட்டுந்தான் டயர்க் கவலை இல்லை! இத்தொழிற்சாலைகளில் உழைத்தவர்களின் பிள்ளைகள் பலர் இன்று கடன் பெற்றுக் காரும் சரக்கு வேனும் வாங்கியுள்ளனர். வீட்டுமனையோ சிறிது, ஆதலால் வண்டி தெருவோரத்தில்தான் நிற்கிறது.

ஸ்டெப்னி என்னும் சொல் பிறந்த கதை சுவையானது. தொடக்க காலத்து மோட்டார் வண்டிகளில் மாற்றுச் சக்கரம் கிடையாது. காற்றிறங்கினால் நடுவழியிலேயே டயரைக் கழற்றி ஒட்டுப்போட வேண்டும். வேல்ஸ் நாட்டின் லனெல்லி நகரிலே டேவிஸ் சகோதரர்கள் 1904-ஆம் ஆண்டு இதற்கொரு வழி கண்டனர். ஆரங்கள் இல்லாத வளையமொன்றில் காற்றடைத்த டயரைப் பூட்டி, பழுதுற்ற சக்கரத்தோடு அதைப் பிணைத்து ஓட்டும் ஏற்பாடு அது. அவர்களுடைய தொழிலகம் இருந்த ஸ்டெப்னி தெருவின் பெயர் கடல் கடந்து நம்மூர்ப் பஞ்சர் கடை வரை வந்து நிலைத்துவிட்டது.

அந்த ஸ்டெப்னி இன்று பல கார்களிலும் வேன்களிலும் பின்புறத்து அடிப்பகுதியில் ஒரு கம்பிவடத்திலோ தாங்கியிலோ தொங்குகிறது. கதவைத் திறக்காமலே கழற்றிச் செல்லலாம். களவு போனது உரியவருக்கு அன்றே தெரிவதுமில்லை. பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையில் மனைவி மக்களோடு செல்கையில், இருட்டிய பின் டயர் பஞ்சராகி, குனிந்து பார்க்கும்போதுதான் தெரியும்.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. நட்டுகளைக் கழற்றிக்கொண்டிருக்கும் திருடன் நாய் குரைத்தோ ஆள் நடமாட்டம் கண்டோ பாதியில் ஓடிவிடுகிறான் என்று கொள்வோம். சக்கரம் இருக்கிறது, நட்டுகள் தளர்ந்திருக்கின்றன. மறுநாட் காலை அதே வேனில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓட்டுநர் புறப்படுகிறார். திருட்டினால் இழப்பது பணம். அரைகுறைத் திருட்டினால் இழக்கக்கூடியது உயிர். காலையில் வண்டியைச் சுற்றிவந்து ஒவ்வொரு நட்டையும் ஸ்பானரால் தொட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். வேன்காரர்களிடம் பெற்றோர் இதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பேன்.

பாதுகாப்புக்கு எளிய கருவி லாக் நட். ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு சாதாரண நட்டை எடுத்துவிட்டு இதைப் பூட்டினால், இதற்கெனவே உள்ள சாவியின்றிக் கழலாது. சாதாரண ஸ்பானர் இதில் பொருந்தாது. வண்டி வகைக்கு ஏற்றதைத்தான் வாங்க வேண்டும். சிலவற்றுக்கு நட்டு, சிலவற்றுக்கு போல்ட்டு. காற்றழுத்தக் கருவியால் முடுக்கினால் சாவியின் பற்கள் கெடும். கையாலேயே முடுக்கும்படி பஞ்சர் கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள். அச்சாவி வண்டியிலேயே இருக்கட்டும், ஆனால் ஜாக்கியோடு சேர்த்து வைக்காதீர்கள். ஸ்டெப்னிக்கோ, லாரி ஓட்டுநர்களின் பழைய வழக்கமே சிறந்தது: கனத்த சங்கிலி, நல்ல பூட்டு. வண்டியின் பின்புறத்தைச் சுவரை ஒட்டி நிறுத்தினால் அடியில் புகுவது கடினம்.

டயரின் பக்கவாட்டில் பொறித்துள்ள வரிசை எண்ணைக் குறித்து வையுங்கள். சக்கரத்தின் உட்புறம் வண்டி எண்ணைப் பெயிண்டால் எழுதுங்கள். அடையாளம் இல்லாத பொருளை மீட்டாலும் யாருடையது என்று காவலரால் சொல்ல இயலாது. 2022 ஜனவரி 1 முதல் ஆவடி காவல் ஆணையரகம் இயங்கிவருகிறது. சக்கரந்தானே என்று அசட்டையாக இராமல் உரிய நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது பெறுக.

வாங்குபவன் இல்லையேல் இக்களவே இல்லை. பாதி விலைக்கு, பில்லின்றிக் கிடைக்கும் டயர் எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்பதில்லை. கேட்டால் விலை ஏறிவிடும் என்று அஞ்சுகிறோம் போலும்! 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவு திருட்டுக்கும், 317-ஆம் பிரிவு திருட்டுப்பொருளை அறிந்தே வாங்குவதற்கும் மூன்றாண்டு வரை சிறை விதிக்க இடமளிக்கின்றன. ஏழாம் கட்டளையைப் பற்றிய திருச்சபையின் போதனையும் களவுப்பொருளால் பயனடைந்தவன் ஈடுசெய்யக் கடமைப்பட்டவன் என்றே கூறுகிறது. அருளடையாளத்தில் மன்னிப்புப் பெற்ற பின்னும் டயர் உரியவரிடம் திரும்பியாக வேண்டும். பழைய டயர் விற்கும் கடைக்காரர்களுள் நேர்மையாளர் பலர். பில் கேட்டால் அவர்கள் முகம் சுளிப்பதில்லை.

கிறிஸ்து பிறப்பு நள்ளிரவுத் திருப்பலிக்கும் ஆலயத் திருவிழாவுக்கும் வண்டிகள் பக்கத்துத் தெருக்கள் வரை நிற்கும். உரியவர் அனைவரும் உள்ளே இருப்பர் என்பது ஊருக்கே தெரியும். அன்றிரவு பங்கு இளைஞர்கள் இருவர் இருவராக முறை வைத்து, கையில் விளக்கோடு அத்தெருக்களைச் சுற்றி வரலாம். முறையில் நிற்போர் தவறாமல் பங்குபெற, காலைத் திருப்பலி இருக்கவே இருக்கிறது.